தைப்பவரின் வேகத்தில் ஓர் ஆடைத் தொழில்

ஸ்லோ ஃபேஷன் என்ற சொற்றொடர், பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பு ஆய்வாளர் கேட் ஃபிளெட்சர் 2007ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையின் வழியாகப் பரவலாகத் தெரியவந்தது. இத்தாலியில் 1980களில் துரித உணவுக்கு மாற்றாக எழுந்த ஸ்லோ ஃபுட் இயக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஆடைத் துறையிலும் அதே நிதானம் வேண்டும் என்று அவர் வாதிட்டார். வேகத்தைக் குறைப்பது மட்டுமே அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. வடிவமைப்பவர், தைப்பவர், வாங்குபவர், விற்பவர் என எல்லோரும் ஓர் ஆடை எங்கிருந்து வருகிறது, யாரால் ஆனது, எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை அறிந்தே செயல்பட வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இந்த எண்ணம் அழுத்தம் பெற்றதற்கு வலுவான காரணங்கள் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தபோது, அதிலிருந்த தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களில் 1,100 பேருக்கும் மேல் இறந்தனர். எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2000க்குப் பிந்தைய 15 ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இருமடங்கானது. ஓர் ஆடை கழிக்கப்படுவதற்கு முன் அணியப்படும் தடவைகளோ 36 சதவீதம் குறைந்தன. நிறையத் தைத்து, மலிவாக விற்று, விரைவில் தூக்கியெறிய வைக்கும் இந்தச் சுழற்சியிலிருந்து விலகி, குறைவாகத் தைத்து நெடுநாள் உழைக்கும் ஆடைகளை விற்பதே ஸ்லோ ஃபேஷன் தொழில்.

இத்தகைய தொழிலைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் துணியிலிருந்து தொடங்குகிறார்கள். இயற்கைப் பருத்தியா, லினனா, தாவரச் சாயமா, எந்தச் சான்றிதழ் என்ற கேள்விகள் முதலில் வந்துவிடுகின்றன. அவை தேவையான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தொழிலை நடத்தப்போகிற மனிதருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, அவர் எந்த வேலையைச் சலிப்பில்லாமல் செய்வார், அவருடைய குடும்பத்துக்கு இதிலிருந்து எவ்வளவு வருமானம் வேண்டும்? நிதானமான ஆடை என்று விற்றுக்கொண்டே, அதைத் தைத்து முடிக்க இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கும் நிறுவனர்கள் இத்துறையில் ஏராளம். தொழிற்சாலையில் நடந்தால் நாம் கண்டிக்கும் உழைப்புச் சுரண்டல், சொந்த வீட்டில் நடக்கும்போது அர்ப்பணிப்பு என்று பெயர் பெறுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நிறுவனரும் அந்த ஆடையைச் செய்தவர்களில் ஒருவர்தான். நியாயமான உழைப்பு என்ற கொள்கை அவருக்கும் சேர்த்துத்தான்.

மணிக்கணக்கிலிருந்து தொடங்குதல்

கணக்கு கடினமானதன்று. ஒருவரால் வாரத்துக்கு 30 மணி நேரம் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 மணி நேரமும் தையல் இயந்திரத்தின் முன் கழியாது. துணி தேடுவது, வாடிக்கையாளரின் செய்திகளுக்குப் பதில் எழுதுவது, படம் எடுப்பது, பொதி கட்டி அனுப்புவது, வரவு செலவு எழுதுவது என்று ஏறக்குறைய பாதி நேரம் போய்விடும். எஞ்சுவது 15 மணி நேரம். ஓர் ஆடையை வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆகுமென்றால், வாரத்துக்கு ஐந்து ஆடைகள். நோய், பண்டிகை, ஓய்வு, குடும்பத் தேவைகள் ஆகியவற்றுக்காக எட்டு வாரங்களைக் கழித்து, ஆண்டுக்கு 44 வாரங்கள் வேலை நடக்கும் என்று கொண்டால் மொத்தம் 220 ஆடைகள். அவற்றில் சில மாதிரிகளாகவும், சில குறையுள்ளவையாகவும், சில விற்காமலும் தங்கிவிடும். ஆக, விலை வைப்பதற்கு 200 என்ற எண்ணையே நம்பலாம்.

இந்த 200 என்ற எண் ஒரு தொழிலின் பெரும்பாலான முடிவுகளைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆண்டுக்கு நிறுவனருக்குத் தேவைப்படும் வருமானத்தை 200ஆல் வகுத்தால், துணி, நூல், பட்டன், பொதி, வாடகை, மின்சாரம், கட்டணங்கள் எல்லாம் போக ஒவ்வோர் ஆடையும் கையில் விட்டுச்செல்ல வேண்டிய தொகை கிடைக்கும். அந்தத் தொகையைச் சேர்த்த விலையில் அந்த ஆடையை வாங்குவோர் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், இன்னும் கடினமாக உழைப்பேன் என்று முடிவெடுப்பதை விட்டுவிட்டு, ஆடையின் வடிவமைப்பையோ விற்பனை முறையையோ தேவையான வருமானத்தையோ திருத்தி அமைக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கச் சோர்வாக இருக்கலாம். ஆனால் இரண்டாம் ஆண்டின் நடுவில், கடன் ஏறிய பிறகு அதே விடையைக் கண்டுகொள்வது அதைவிடச் சோர்வானது.

வடிவமைப்பு எப்படி நேரத்தைத் தின்கிறது என்பதை ஒரு முழுக்கைச் சட்டையில் தெளிவாகக் காணலாம். காலர், காலர் பட்டி, இரண்டு கஃப்கள் (கைமுனைப் பட்டிகள்), பட்டன் பட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் விறைப்புத் தரும் கேன்வாஸ் துணி ஒட்ட வேண்டும். காலரின் இரு முனைகளும் ஒரே கூர்மையில் திரும்ப வேண்டும். பட்டன் துளைகள் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ஓரங்களை இயந்திரத்தில் நூல் சுற்றி ஓவர்லாக் செய்வதற்குப் பதிலாக ஃபிரெஞ்ச் சீம் போடுவதென்றால், துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து முதல் தையல் போட்டு, ஓரத்தைக் குறுக நறுக்கி, திருப்பி, மடித்து அழுத்தி, வெட்டு முனை முழுவதும் உள்ளே மறையும்படி இரண்டாவது தையல் போட வேண்டும். பிசிறில்லாமல் நெடுநாள் உழைக்கும் தையல் அது. ஆனால் ஒவ்வொரு ஓரத்துக்கும் இரண்டு முறை உட்கார வேண்டும். காலரும் கஃபும் இல்லாத, நேர்கோட்டு ஓரங்கள் கொண்ட ஒரு தளர்வான மேலாடை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றால், அதே 15 மணி நேரத்தில் ஏழு ஆடைகள் கிடைக்கும், ஆண்டுக்கு 308. எந்த ஆடையைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவில் அழகுணர்ச்சிக்கு உள்ள பங்கு இந்தக் கணக்குக்கும் உண்டு. அதற்காக ஃபிரெஞ்ச் சீமைக் கைவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எளிய வடிவத்தைத் தேர்ந்து, அதில் மிச்சமாகும் நேரத்தை உறுதியான தையலுக்குக் கொடுப்பது பெரும்பாலும் நல்ல பேரமாகவே அமைகிறது.

எந்த வேலை யாருக்கு

ஆடைத் தொழில் என்பது உண்மையில் பல வேலைகளின் கூட்டு. பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம், வரைவதில் மகிழ்ச்சி காண்பவர் ஒரே ஆடையை நாற்பதாவது முறை தைக்கும்போது சலித்துப்போகலாம். தையலில் ஒன்றிப்போகிறவருக்கு விற்பனைப் பேச்சு வேப்பங்காயாக இருக்கலாம். ஆட்களை ஒருங்கிணைப்பதில் வல்லவர் ஊசியைத் தொடாமலே நல்ல ஆடை நிறுவனத்தை நடத்தலாம். இந்த மூவருக்கும் ஒரே அமைப்பிலான தொழில் பொருந்தாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃபுளோரன்ஸ் என்ற சிறுநகரில் நாட்டலி சேனின் தொடங்கிய அலபாமா சேனின் நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதன்மையான ஆடைகள் அப்பகுதிக் கைவினைஞர்களால் கையால் தைக்கப்பட்டவை. எனவே விலை மிக அதிகம். அந்த விலையைக் கொடுக்க இயலாதவர்களுக்கும் அவர் ஒரு வழி செய்தார். தன் ஆடைகளின் பேட்டர்ன்களையும், வாங்குபவரே தைத்துக்கொள்ளும்படி வெட்டித் தயாராக்கிய துணித் தொகுப்புகளையும் விற்கத் தொடங்கினார். தையல் பயிற்சி வகுப்புகளும் நடத்தினார். கற்பிக்க விரும்பும் ஒருவருக்கு இயல்பாகப் பொருந்தும் வழி அது. அதே நாட்டில் 1984இல் தொடங்கிய ஐலீன் ஃபிஷர் நிறுவனம் வேறு வகை: ஒன்றோடொன்று சேர்த்து அணியக்கூடிய சில எளிய வடிவங்களை எடுத்துக்கொண்டு, அவற்றையே ஆண்டுதோறும் சிறு மாற்றங்களோடு தொடர்ந்தார்கள். புதுமை தேடி அலைவதைவிட ஒன்றையே செம்மைப்படுத்துவதை விரும்பும் மனத்துக்கு அது ஏற்றது. இரண்டும் ஒருவர் தனியாக நடத்தும் தொழில்கள் அல்ல என்றாலும், கவனிக்க வேண்டியது அவற்றின் அளவை அன்று. வருமானம் வரும் வழி, நடத்துபவரின் இயல்போடு ஒட்டியிருப்பதையே.

தொடங்குபவர் இதைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய முறை உண்டு. ஒரு மாதம் முழுவதும், எந்த வேலையில் எவ்வளவு நேரம் போனது என்பதோடு, அந்த வேலை முடிந்தபோது தெம்பாக இருந்ததா, களைப்பாக இருந்ததா என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். களைப்பு தரும் வேலைகள் எல்லாவற்றையும் தவிர்க்க இயலாது. ஆனால் தொழிலின் மையமே அதுவாக இருந்துவிடக் கூடாது.

விற்கும் முறை

விற்பனை முறையைத் தேர்வதில்தான் நிறுவனரின் நிம்மதி பெரும்பாலும் நிர்ணயிக்கப்படுகிறது. தைத்து வைத்து விற்பது எல்லோருக்கும் பழக்கமான முறை. வாடிக்கையாளர் கேட்டவுடன் அனுப்பலாம். ஆனால் ஒரே ஓர் ஆடையை ஐந்து அளவுகளிலும் மூன்று நிறங்களிலும் வைத்திருக்க வேண்டுமென்றால் 15 வகைகள். வகைக்கு இரண்டு என்றாலும் 30 ஆடைகள் அலமாரியில் இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கின்படி அது ஆறு வார உழைப்பு. அந்த உழைப்பும் அதற்கான துணிப் பணமும் விற்பனை நடக்கும் வரை முடங்கிக் கிடக்கும்; நடு அளவுகள் தீர்ந்து, இரு முனை அளவுகள் மட்டும் தங்கிவிடுவதும் வழக்கம்.

ஆர்டர் வந்த பிறகு தைப்பது இதற்கு நேர்மாறானது. பணம் முன்கூட்டியே வருகிறது, ஸ்டாக் தேங்குவதில்லை, வாங்குபவரின் உடல் அளவுக்கேற்பச் சிறு திருத்தங்களும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு ஆடையையும் தனித்தனியாக வெட்டுவதால் நேரம் கூடும். ஆர்டர்கள் ஒரே வாரத்தில் குவிந்து அடுத்த மாதம் வறண்டுபோகவும் கூடும். இந்த ஏற்ற இறக்கம் சிலரைப் பாதிப்பதில்லை. நிலுவையிலுள்ள ஆர்டர்களின் பட்டியலைப் பார்த்தாலே தூக்கம் கெடுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள், ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கக்கூடிய ஆர்டர்களுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதை எட்டியதும் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவைக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது முன்பதிவு முறை. ஆண்டில் சில முறை மட்டும், குறிப்பிட்ட நாட்களுக்குப் பதிவைத் திறந்து வைத்து, மூடிய பிறகு வந்த எண்ணிக்கைக்கேற்பத் துணி வாங்கி, அடுக்கடுக்காக விரித்து ஒன்றாக வெட்டித் தைப்பது. ஒரே வகை வேலையைத் தொடர்ந்து செய்வதால் கை வேகம் கூடுகிறது. நூல் நிறத்தை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. எப்போது ஓய்வு என்பதும் முன்பே தெரிகிறது. தனியாகத் தொழில் நடத்துபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இம்முறையைத்தான். ஒன்று மட்டும் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியிருக்கிறது: “இன்னும் சில மணி நேரமே, மூன்றே மூன்று மிச்சம்” என்று பதற்றமூட்டி விற்பது துரித ஃபேஷனின் அதே உத்திதான். பதிவு மூடும் நாளை அறிவிப்பது நேர்மையான தகவல். அதைக் கொண்டு விரட்டுவது வேறு காரியம்.

கடைகளுக்கு மொத்தமாக விற்பதைப் பற்றி விலையோடு சேர்த்தே பேச வேண்டும். ஆடை வணிகத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் விதி, அடக்கச் செலவின் இருமடங்கு மொத்த விலை, மொத்த விலையின் இருமடங்கு சில்லறை விலை என்பதாகும். அதாவது விலைச்சீட்டில் உள்ள தொகையில் ஏறத்தாழ பாதி கடைக்குப் போகும். அடக்கச் செலவின் இருமடங்கில் நேரடியாக விற்றுப் பழகிய ஒருவரிடம், ஒரு நல்ல கடை வந்து ஆடை கேட்டால், அவர் அடக்க விலைக்கே கொடுக்க நேரிடும். கடைகள் வழியாக விற்கும் எண்ணம் சற்றேனும் இருந்தால் தொடக்க விலையிலேயே அதற்கான இடத்தை வைக்க வேண்டும். அடக்கச் செலவில் நிறுவனரின் சொந்த உழைப்புக்கான கூலியும் சேர வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்கக் கூடாது. ஆனாலும் பெரும்பாலான தொடக்கக் கணக்குகளில் அந்த வரி மட்டும் காலியாகவே இருக்கிறது.

துணியும் வாக்குறுதியும்

துணியைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் ஒன்றிரண்டு வகைகளோடு நின்றுகொள்வது நல்லது. ஒரு துணியை நன்றாக அறிந்துகொள்ளச் சில ஆடைகளும் பல சலவைகளும் தேவைப்படும். புதிய துணி வந்ததும் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி, வாடிக்கையாளர் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்து, உலர்த்தி, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். 48 சென்டிமீட்டர் வந்தால் நான்கு சதவீதச் சுருக்கம். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மேலாடையில் அது முழுதாக மூன்று சென்டிமீட்டர். முதல் சலவையிலேயே இடுப்புக்கு மேல் ஏறிவிடும் ஆடையை எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது. பாவு (நீள) வாக்கிலும் ஊடை (குறுக்கு) வாக்கிலும் சுருக்கம் வேறுபடும் என்பதால் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். துணியை முன்கூட்டியே அலசி உலர்த்திய பிறகு வெட்டுவது பாதுகாப்பானது. அதற்கும் நேரம் வேண்டும், அந்த நேரமும் கணக்கில் ஏற வேண்டும்.

பெரிய ஆலைகள் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே துணி தருவதில்லை. ஆகவே பலர் பெரிய உற்பத்தியாளர்களிடம் மீந்துபோன துணிகளை வாங்குகிறார்கள். வீணாகும் துணி பயன்படுகிறது, விலையும் குறைவு. ஆனால் அது தீர்ந்தால் மறுபடி கிடைக்காது. ஒரே ஆடையைப் பல ஆண்டுகள் தொடர நினைப்பவருக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதேனும் செய்ய விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இங்கேயும் நிறுவனரின் இயல்பே முடிவைச் சொல்கிறது. சான்றிதழ்களில் ஜிஓடிஎஸ் (இயற்கை வேளாண் துணிகளுக்கான உலகத் தரச்சான்று) என்பது குறைந்தது 70 சதவீத இயற்கை வேளாண் இழைகளைக் கொண்ட துணிகளுக்கானது. அது துணிக்கு இருப்பதாலேயே உங்கள் ஆடையிலும் அந்த முத்திரையைப் பதிக்கலாம் என்று ஆகிவிடாது. தைக்கும் நிறுவனமும் அச்சான்றுக்கு உட்பட்டிருக்க வேண்டும். சிறு தொழிலுக்கு, யாரிடம் வாங்கிய துணி, எந்த இழை, யார் தைத்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுவது போதுமானது. “சுற்றுச்சூழலுக்கு உகந்தது” போன்ற பொத்தாம்பொதுவான கூற்றுகளை ஆதாரமின்றிப் பயன்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் இயற்றித் தடை விதித்திருக்கிறது.

வாழ்நாள் முழுவதும் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவோம் என்ற வாக்குறுதி ஸ்லோ ஃபேஷன் நிறுவனங்களில் அடிக்கடி காணப்படுகிறது. பழுதுபார்ப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் படகோனியா போன்ற பெரிய நிறுவனத்துக்கு அது இயலும். ஆண்டுக்கு 200 ஆடை விற்கும் ஒருவர், ஐந்தாவது ஆண்டின் முடிவில் ஆயிரம் ஆடைகளுக்குப் பொறுப்பாகியிருப்பார். அவற்றில் பத்தில் ஒன்று அந்த ஆண்டில் திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஆனாலும் நூறு மணி நேரம். தையலுக்கென்று இருக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஏழு வாரங்கள். நல்ல எண்ணத்தில் கொடுத்த வாக்கு, தொழிலையே மெல்ல மூச்சுத்திணற வைத்துவிடும். முதல் ஓராண்டுக்கு இலவசமாகவும் அதன்பின் கட்டணத்துக்கும் பழுது பார்ப்பது, ஆண்டில் ஒரு மாதத்தை மட்டும் பழுதுக்கென ஒதுக்குவது, ஆடையோடு ஒரு பட்டனையும் சிறிது துணியையும் சேர்த்தனுப்பி வாடிக்கையாளரே சரிசெய்துகொள்ள வழிகாட்டுவது என்று பல ஏற்பாடுகள் சாத்தியம்.

வளர்ச்சி என்ற கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். ஆர்டர்கள் கையிருப்பு நேரத்தைத் தாண்டும்போது விலையை உயர்த்தலாம், ஆடையை எளிதாக்கலாம், காத்திருக்கச் சொல்லலாம், அல்லது ஆள் சேர்க்கலாம். பலரும் கடைசி வழியையே முதலில் நாடுகிறார்கள். ஆள் சேர்த்தால் நிறுவனரின் வேலையே மாறிவிடுகிறது: தைத்துக்கொண்டிருந்தவர் தரம் பார்ப்பவராகவும், அளவு விளக்குபவராகவும், மாதந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டியவராகவும் ஆகிறார். அந்த வேலையை விரும்புகிறவருக்கு அது நல்ல திருப்பம். விரும்பாதவர் முதல் மூன்று வழிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். சேர்ப்பதென்று முடிவெடுத்தால், முதலில் தையலையே பிறரிடம் கொடுக்க வேண்டுமென்பதில்லை. மாத நோட்டில் களைப்பு என்று அதிகம் குறிக்கப்பட்ட வேலை எதுவோ, பொதி கட்டுவதோ, கணக்கு எழுதுவதோ, செய்திகளுக்குப் பதில் தருவதோ, அதை வாரத்துக்குச் சில மணி நேரம் ஒருவரிடம் ஒப்படைத்து, அதனால் விடுபடும் நேரத்தில் கூடுதலாக எத்தனை ஆடைகள் முடிகின்றன, அவற்றின் வருமானம் அவருக்குக் கொடுக்கும் கூலியைத் தாண்டுகிறதா என்று மூன்று மாதங்களுக்குப் பார்த்துவிட்டு அடுத்த முடிவை எடுக்கலாம்.